ஆவடி டேங்குகள் எப்படி நவீனமாகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்திய ராணுவத்தின் டேங்குகளில் பெரும்பாலானவை சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் கட்டப்பட்டவை. அவற்றைப் புதுப்பிப்பது பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் பலரும் கேட்கும் கேள்விகளைத் தொகுத்து, பொதுவில் வெளியான தகவல்களை மட்டும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். டேங்க் என்றதும் நம் கண்ணில் முதலில் படுவது பீரங்கிக் குழல். ஆனால் நவீனப்படுத்தும் வேலையில் பெரும்பாடு எஞ்சினோடும் எடையோடும் மின்சாரத்தோடும்தான் என்பது போகப் போகத் தெரியும்.

ஆவடியில் என்னென்ன இருக்கிறது?

1961-இல் தொடங்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலைதான் மூத்தது. ஊர்க்காரர்களுக்கு அது எச்.வி.எஃப். பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பை வைத்துச் செய்த ‘விஜயந்தா’ டேங்க் 1965 இறுதியில் இங்கிருந்து வெளிவந்தது. அதற்கப்புறம் ரஷ்ய வடிவமைப்பான டி-72 (நம் ராணுவத்தில் ‘அஜேயா’), டி-90 (‘பீஷ்மா’), பிறகு நாமே வடிவமைத்த அர்ஜுன் என எல்லாம் இங்கேதான் கட்டப்பட்டன.

வடிவமைப்பு வேலையைச் செய்வது, மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கீழுள்ள சி.வி.ஆர்.டி.ஈ. என்ற ஆய்வகம். அதுவும் ஆவடியில்தான். எஞ்சின்களுக்குத் தனியாக ஒரு தொழிற்சாலை உண்டு. 2021 அக்டோபரில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கவச வாகனங்களுக்கான நிறுவனமான ஏ.வி.என்.எல்.லுக்கும் ஆவடியே தலைமையிடம் ஆனது.

திருச்சியையும் விட்டுவிடக் கூடாது. எதிரி டேங்கின் கவசத்தைத் துளைக்கும் நீண்ட டங்ஸ்டன் கம்பிகள் அங்குள்ள ‘ஹாப்’ தொழிற்சாலையில் தயாராகின்றன. வெடிமருந்தே இல்லாத கம்பி அது. வினாடிக்கு 1.5 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போய் மோதுவதாலேயே துளைக்கிறது.

பழைய டேங்கை ஏன் புதுப்பிக்க வேண்டும்? புதிதாக வாங்கிவிடக் கூடாதா?

நம்மிடம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டி-72கள் இருக்கின்றன. 1970களின் கடைசியில் வாங்கத் தொடங்கிய ரகம் இது. இதற்கு மாற்றாக 1,770 புதிய டேங்குகளை உருவாக்கிச் சேர்க்கும் ‘எஃப்.ஆர்.சி.வி.’ திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் பாதுகாப்புத் தளவாடக் கொள்முதல் குழு முதல்கட்ட ஒப்புதல் தந்தது. அந்த ஒப்புதலில் இருந்து மாதிரி வண்டி, சோதனை, ஒப்பந்தம், உற்பத்தி என்று போய் முதல் படைப்பிரிவு நிரம்புவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடும். அதுவரை எல்லையில் நிற்கப் போவது இருக்கிற வண்டிகள்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. டேங்கின் எஃகு உடல் சுலபத்தில் கெடுவதில்லை. முதுமை அடைவது எஞ்சின், கண்ணாடிக் கருவிகள், வயரிங், ரப்பர் சீல் போன்றவை. பெரிய பழுதுபார்ப்புக்கு வரும் வண்டியை நட்டு போல்ட் வரை பிரித்து, வெறும் கூட்டை மட்டும் நிறுத்தி, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, அங்கிருந்து மறுபடி கட்டிக்கொண்டு வருவார்கள். புதுக் கருவிகளை உள்ளே நுழைக்க அதுதான் சரியான தருணம். இந்த வேலை ஆவடியோடு நிற்கவில்லை. 2024 அக்டோபரில் முழுமையாகப் பிரித்துச் சீரமைத்த முதல் டி-90, டெல்லியில் உள்ள 505-ஆவது ராணுவப் பணிமனையிலிருந்து வெளிவந்தது.

எஞ்சின் ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை?

எல்லாச் சிக்கலும் கடைசியில் வந்து சேரும் இடம் அதுதான். பாதுகாப்பைக் கூட்டினால் எடை கூடும். எடை கூடினால் எஞ்சின் திணறும்.

அர்ஜுனையே பாருங்கள். முதல் ரகமான மார்க்-1 சுமார் 58.5 டன். 1,400 குதிரைத்திறன் கொண்ட ஜெர்மன் எம்.டி.யு. எஞ்சின். டன்னுக்குக் கிட்டத்தட்ட 24 குதிரைத்திறன் வருகிறது. மார்க்-1ஏ ரகத்தில் கவசம், குறிபார்க்கும் சைட், மின்னணுக் கருவிகள் என்று 70-க்கும் மேற்பட்ட மேம்பாடுகள் செய்தார்கள். எடை 68 டன்னைத் தொட்டது. எஞ்சின் மாறவில்லை. இப்போது டன்னுக்கு 21-கூட முழுதாக இல்லை. மேம்பாடு ஒவ்வொன்றும் தேவையானதுதான், ஆனால் அத்தனையும் சேர்ந்து எஞ்சின் தலையில் ஏறுகின்றன.

டி-72 விஷயத்தில் கணக்கு எதிர்ப்பக்கம் போகிறது. அதன் பழைய எஞ்சின் 780 குதிரைத்திறன். அதற்குப் பதில் 1,000 குதிரைத்திறன் எஞ்சின் வைக்க, 2025 மார்ச்சில் ரஷ்யாவின் ஆயுத ஏற்றுமதி நிறுவனமான ரோசோபொரான்எக்ஸ்போர்ட்டோடு 24.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. சில எஞ்சின்கள் முழுதாக வரும், சில பாகங்களாக வந்து இங்கே கோர்க்கப்படும். ஆவடி எச்.வி.எஃப்.புக்குத் தொழில்நுட்பமும் தரப்படும். நாற்பது டன்னைச் சற்றே தாண்டிய வண்டிக்கு இது பெரிய ஏற்றம். மணலில் புதைந்து கிளம்பும்போது டிரைவருக்கு அது உடனே தெரியும்.

நமக்கென்று ஒரு எஞ்சின் வேண்டும் என்ற முயற்சியும் நடக்கிறது. 2024 மார்ச் 20 அன்று, மைசூரில் உள்ள பொதுத்துறை நிறுவனமான பி.ஈ.எம்.எல்.லின் எஞ்சின் பிரிவில் 1,500 குதிரைத்திறன் கொண்ட உள்நாட்டு எஞ்சின் முதன்முறையாக இயக்கிப் பார்க்கப்பட்டது. 5,000 மீட்டர் உயரத்திலும், மைனஸ் 40 முதல் 55 டிகிரி வரையிலும் ஓட வேண்டும் என்பது அதன் இலக்கு. சோதனை மேடையில் ஓடுவதற்கும் படைப்பிரிவில் தினமும் ஓடுவதற்கும் இடையே நீண்ட தூரம் உண்டு. இருந்தாலும் இந்தத் துறையில் அண்மையில் நடந்த மிக முக்கியமான விஷயம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். புதிய ஏவுகணைச் சோதனைக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

இரவில் டேங்க் எப்படிப் பார்க்கிறது? அதில் என்ன மாற்றம்?

டி-72 வடிவமைக்கப்பட்ட காலத்தில், டரட்டின் (பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்பகுதி) பக்கத்தில் அகச்சிவப்பு விளக்கு ஒன்று பொருத்தியிருப்பார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அது பாய்ச்சும், சைட்டில் உள்ள குழாய் அதைக் காட்சியாக்கும். எதிரியிடமும் அதே மாதிரிக் கருவி இருந்தால், நம் விளக்கே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தெர்மல் சைட்டுக்கு விளக்கே வேண்டாம். பொருள்கள் தாமாக வெளிவிடும் வெப்பத்தை வைத்துப் படம் தீட்டும். ஓடி நின்ற எஞ்சின், வெயில் குடித்த எஃகு, ஆள் எல்லாமே பின்னணியிலிருந்து தனித்துத் தெரியும். உயர்தர சைட்டின் உள்ளே விரல் நுனி அளவே உள்ள உணரி ஒன்று இருக்கும். சுற்றிலும் ராஜஸ்தான் வெயில் 50 டிகிரியைத் தொட்டாலும், அந்த உணரியை மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். அதற்கென்றே ஒரு குட்டிக் குளிரூட்டி இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் வந்த டி-90களில் இறக்குமதி செய்த தெர்மல் சைட்டுகள் பாலைவன வெப்பத்தில் பழுதாகித் தொல்லை கொடுத்ததற்குக் காரணம் புரிகிறதல்லவா? காலையிலும் மாலையிலும் மணலும் டேங்கும் ஒரே சூட்டுக்கு வரும் சில நிமிடங்கள் உண்டு. அப்போது எவ்வளவு நல்ல சைட்டிலும் படம் மங்கிப்போகும்.

பீரங்கியைச் சுடும் கன்னருக்குத் தெர்மல் சைட் கொடுத்துவிட்டு, கமாண்டரைப் பழைய குழாய் சைட்டோடு விட்டுவைத்தது டி-90இல் ஒரு பெரிய குறை. அதைச் சரிசெய்ய 957 டி-90களின் கமாண்டர் சைட்டை மாற்றும் ஒப்பந்தத்தைப் பொதுத்துறை மின்னணு நிறுவனமான பி.ஈ.எல்.லுக்குச் சுமார் 1,075 கோடி ரூபாய்க்குத் தந்தார்கள். புது சைட் 8 கிலோமீட்டர் தூரத்திலேயே இலக்கைக் கண்டுபிடிக்கும் என்பது அறிவிக்கப்பட்ட கணக்கு. கமாண்டர் தனியாகச் சுற்றிலும் தேடி, ஒன்றைக் கண்டதும் கன்னரிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்ததைத் தேடலாம். இரவுச் சண்டையில் முதலில் பார்த்தவர்தான் முதலில் சுடுவார். புதுப் பீரங்கி வாங்குவதைவிட இந்த மாதிரிச் செலவு பல மடங்கு பலன் தரும் என்பது என் கருத்து.

கவசத்தைத் தடிமனாக்கினால் போதாதா?

போதாது. எஃகுத் தகட்டை மட்டும் நம்பினால் வண்டி நகரவே முடியாத எடைக்குப் போய்விடும். அதனால்தான் அடுக்குக் கவசம். ஹைதராபாத் டி.எம்.ஆர்.எல். ஆய்வகம் அர்ஜுனுக்காக உருவாக்கிய ‘காஞ்சன்’ கவசத்தில் எஃகுத் தகடுகளுக்கு நடுவே செராமிக் முதலானவை இருக்கும்.

அதற்கு வெளியே, தானே வெடித்துத் தாக்குதலைத் தடுக்கும் கவசமான ஈ.ஆர்.ஏ. பெட்டிகள். டி-72இன் முகப்பில் செங்கல் செங்கலாக ஒட்டியிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். டேங்க் எதிர்ப்பு ராக்கெட் வெடிக்கும்போது செம்பு போன்ற உலோகம் மெல்லிய தாரையாகி வினாடிக்கு 8 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது. அந்தத் தாரை பெட்டியில் பட்டதும் உள்ளிருக்கும் வெடிமருந்து வெடித்து, தகடுகளைக் குறுக்கே தள்ளித் தாரையைச் சிதைத்துவிடும். ஒரு பெட்டி ஒரு முறைதான் காப்பாற்றும். பக்கத்தில் காலாட்படை நடந்து வந்தால் அவர்களுக்கும் அதனால் ஆபத்து.

மூன்றாவது வளையம், வரும் ஏவுகணையை ரேடாரால் பார்த்து நடுவழியிலேயே சுட்டு வீழ்த்தும் அமைப்பு. இஸ்ரேலின் ‘ட்ரோஃபி’ 2011 மார்ச்சில் காசா எல்லையில் ஒரு மெர்காவா டேங்கை இப்படிக் காப்பாற்றியது, அது களத்தில் அதன் முதல் வெற்றி. எதிர்கால இந்திய டேங்குகளிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று ராணுவம் கேட்கிறது. ஆனால் ரேடார், கணினி, சுடும் குழல் எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். பழைய டி-72இன் ஜெனரேட்டர் இவ்வளவையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. எஞ்சினை அணைத்துவிட்டு மறைந்து நிற்கும்போதும் சைட், ரேடியோ, ரேடார் ஓட வேண்டும் என்றால் தனியாக ஒரு சிறு துணை ஜெனரேட்டர் தேவை. மறுபடியும் எடை, மறுபடியும் இடம்.

ட்ரோன் காலத்தில் டேங்க் செத்துவிட்டது என்கிறார்களே?

உக்ரைன் போரைப் பார்த்த எவருக்கும் இந்தச் சந்தேகம் வரும். சில பத்தாயிரம் ரூபாய் பாகங்களோடு கூட்டிய ஒரு சிறு ட்ரோன், பல கோடி ரூபாய் டேங்கின் மேல்மூடியில் வந்து இறங்குகிறது. டேங்கின் கவசம் முன்னால் கனமாகவும், மேலேயும் பின்னால் எஞ்சின் பக்கமும் மெலிதாகவும் இருக்கும். எதிரி எப்போதும் நேர் எதிரே இருப்பான் என்று நினைத்துக் கட்டிய வண்டி அது.

ஆனாலும் டேங்கை ஒதுக்கிவிட எந்தப் பெரிய ராணுவமும் தயாராக இல்லை. குண்டுமழைக்கு நடுவே ஆள்களைக் காத்து, நகர்ந்து, எதிரியின் பதுங்குகுழியை நேரடியாக உடைக்க வேறு வண்டி இன்னும் வரவில்லை. உக்ரைனும் ரஷ்யாவும் சண்டையின் நடுவிலும் டேங்குகளைத் தேடித் தேடிச் சீரமைத்தன. அமெரிக்கா 2023 செப்டம்பரில், தன் ஏப்ரம்ஸ் டேங்குக்குத் திட்டமிட்டிருந்த மேம்பாட்டைக் கைவிட்டு, எடை குறைந்த புதிய ரகத்துக்குப் போவதாக அறிவித்தது. ஒட்டிக்கொண்டே போனால் எடை எங்கே போய் முடியும் என்ற கவலை அவர்களுக்கும் வந்துவிட்டது.

இப்போதைய பதில்கள் கலவையானவை: மேலே கம்பிக்கூண்டு, ட்ரோனின் ரேடியோ இணைப்பைக் குலைக்கும் ஜாமர், டரட்டின் மேல் தானியங்கித் துப்பாக்கி. ஒளியிழைக் கம்பியை இழுத்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்களிடம் ஜாமர் பலிக்காது. ஆகவே ஒன்றை மட்டும் நம்ப முடியாது.

சில டேங்குகளின் டரட் தூக்கி எறியப்படுவது ஏன்?

டி-72, டி-90 இரண்டிலும் லோடர் என்று தனி ஆள் கிடையாது. டரட்டின் அடியில் வட்டமாக அடுக்கிய 22 குண்டுகளை இயந்திரமே எடுத்துப் போடும். மூன்று பேர் போதும், வண்டியும் சிறியதாக இருக்கும். ஆனால் அந்த மூவரில் இருவர் உட்கார்ந்திருப்பது குண்டுகளுக்கு நேர் மேலே. அவை பற்றிக்கொண்டால் எல்லாம் ஒன்றாக வெடித்து டரட்டையே தூக்கி எறிந்துவிடும், தப்பிக்க வழியே இல்லை.

அர்ஜுனில் நான்கு பேர். குண்டை ஆள்தான் எடுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் தனி மூடி உள்ள பெட்டி அமைப்பை டி.ஆர்.டி.ஓ. உருவாக்கியது, ஒன்று தீப்பிடித்தால் மற்றவற்றுக்குத் தாவாமல் இருப்பதற்காக. வண்டி பெரியதாகி எடை கூடியதற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளே இருக்கும் நான்கு பேர் உயிரோடு வெளியே வர வேண்டும் என்று நினைத்து ஏற்றிய எடையை நான் ஒருபோதும் குறையாகச் சொல்ல மாட்டேன்.

அர்ஜுன் நல்ல டேங்க் என்றால் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது?

திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது 1974-இல், 15.5 கோடி ரூபாயில். 124 டேங்குகளுக்கான ஆர்டர் வந்தது 2000-இல். ராணுவத்திடம் முதல் வண்டிகள் போனது 2004-இல். 2010 மார்ச்சில் ராஜஸ்தானில் டி-90உடன் பக்கத்தில் நிறுத்திச் சோதித்தார்கள். அர்ஜுன் நன்றாகவே செய்ததாகச் செய்திகள் வந்தன. அதே ஆண்டு இன்னொரு 124-க்கு ஒப்புதலும் கிடைத்தது. அது பல மாற்றங்களுக்குப் பிறகு 118 மார்க்-1ஏ டேங்குகளாக, 7,523 கோடி ரூபாய் ஆர்டராக ஆவடிக்கு வந்தபோது ஆண்டு 2021, செப்டம்பர் மாதம். அதே பிப்ரவரியில் பிரதமர் சென்னையில் ஒரு மார்க்-1ஏவை ராணுவத் தளபதியிடம் முறைப்படி ஒப்படைத்திருந்தார்.

எடையும் ஒரு காரணம்தான். பஞ்சாபில் கால்வாய்களின் மீதுள்ள பல பாலங்கள் இந்த எடையைத் தாங்கா, ஆகவே அர்ஜுனின் இடம் ராஜஸ்தான் பாலைவனம். ஆனால் என்னை அதிகம் வருத்துவது இரண்டு ஆர்டர்களுக்கு இடையில் கிடந்த வெற்றிடம். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஒரு உற்பத்தி வரிசைக்கு வேலை இல்லை என்றால், வால்வும் கேஸ்கெட்டும் செய்து கொடுத்த சின்னப் பட்டறைகள் வேறு வேலைக்குப் போய்விடும். அனுபவமுள்ள வெல்டர் ஓய்வு பெற்றுவிடுவார். வெளிநாட்டு எஞ்சின் கம்பெனியும் தன் வரிசையை மூடிவிடும். மறுபடி ஆர்டர் வரும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து கூட்ட வேண்டியிருக்கிறது.

லடாக்குக்குத் தனியாக ஒரு டேங்க் எதற்கு?

மலை மேல் டேங்க் என்பது நமக்குப் புதிதில்லை. 1948 நவம்பர் 1 அன்று, கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் காஷ்மீரின் சோஜி லா கணவாயில் 7-ஆவது கேவல்ரி என்ற டேங்க் படைப்பிரிவின் ஸ்டூவர்ட் டேங்குகள் திடீரென்று தோன்றி, பாகிஸ்தான் தரப்பைத் திகைக்க வைத்தன. டரட்டைக் கழற்றி ரகசியமாகக் கொண்டுபோனார்கள். அவை ஏறிப் போக வழி வெட்டிக் கொடுத்தவர்கள் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ். 1962 சீனப் போரில் ஏ.எம்.எக்ஸ்-13 டேங்குகளை விமானத்தில் லடாக்கின் சுஷூலில் இறக்கினோம். இரண்டுமே இலகு ரகம்.

2020-இல் சீனாவோடு மோதல் வந்தபோது நம்மிடம் இருந்தவை டி-72உம் டி-90உம். எதிர்ப்பக்கம் மலைக்கென்றே செய்த டைப்-15 இலகு டேங்க். 4,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பத்தில் ஆறு பங்கு கூட இருக்காது. எஞ்சின் மூச்சு வாங்கும். குளிரில் சாதாரண டீசல் உறைந்து குழம்பாகிவிடும், அதற்காகவே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் லடாக்கில் 2019-இல் அறிமுகப்படுத்தியது. நதிகளும் சாதாரணமானவை அல்ல. 2024 ஜூனில் ஷையோக் ஆற்றைக் கடக்கும் பயிற்சியின்போது தண்ணீர் திடீரென ஏறியதில் ஒரு டி-72இல் இருந்த ஐந்து வீரர்கள் இறந்தார்கள்.

இந்தத் தேவைக்காக ஆவடி சி.வி.ஆர்.டி.ஈ.யும் எல் அண்ட் டி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது ‘ஜோராவர்’. 25 டன், 105 மி.மீ. பீரங்கி, 750 குதிரைத்திறன் கம்மின்ஸ் எஞ்சின். டன்னுக்கு 30 குதிரைத்திறன் கிடைக்கிறது. முதலில் நினைத்தது ஜெர்மன் எஞ்சினைத்தான், அது வரத் தாமதமானதால் மாற்றினார்கள். 2024 ஜூலையில் குஜராத்தின் ஹசிராவில் முதல் வண்டியைக் காட்டினார்கள், அதே டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேலே கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தார்கள். டரட் பெல்ஜியத்தின் காக்கரில் நிறுவனத்துடையது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆளே இல்லாத டேங்க் வருமா?

முயற்சிகள் உண்டு. பி.எம்.பி. என்ற காலாட்படை வண்டியை வைத்து சி.வி.ஆர்.டி.ஈ. செய்த ‘முந்த்ரா’ என்ற ஆளில்லா வாகனத்தை 2017-இல் ஆவடியில் காட்சிக்கு வைத்தார்கள். ஒன்று கண்காணிப்புக்கு, ஒன்று கண்ணிவெடி தேட, ஒன்று அணுக்கதிர், நச்சு அபாயம் உள்ள இடங்களுக்கு. சண்டை டேங்க் முழுதும் ஆளில்லாமல் போக இன்னும் காலம் ஆகும். பள்ளம் எது, நிழல் எது என்று கணினி திணறும் நிலம்தான் போர்க்களம். அதற்கு முன்பே, ஆள் உள்ள டேங்குக்கு முன்னால் ஓடிப் பார்க்கும் சிறு வண்டிகளும் கூடவே பறக்கும் ட்ரோன்களும் வந்துவிடும்.

காலாட்படையை ஏற்றிச் செல்லும் வண்டிகள்?

தெலங்கானாவின் மெதக்கில் தயாராகும் பி.எம்.பி-2 ‘சரத்’தான் இன்றும் முதுகெலும்பு. அதற்கு மாற்றான புதிய வண்டித் திட்டம் நீண்ட காலமாகப் பேச்சில் இருக்கிறது. இடையில் டேங்க் எதிர்ப்பு ஏவுகணையான நாக்கைத் தாங்கிய சங்கிலிச் சக்கர வண்டிகளுக்கு 2025 மார்ச்சில் ஏ.வி.என்.எல்.லுடன் சுமார் 1,800 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது.

பொறியியல் படிக்கிறேன். இந்தத் துறைக்கு எப்படிப் போவது?

டி.ஆர்.டி.ஓ. விஞ்ஞானி பணிக்கு கேட் மதிப்பெண் முக்கியம். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஆவடித் தொழிற்சாலைகள் அவ்வப்போது அப்ரண்டிஸ் அறிவிப்பு வெளியிடும். தனியாக ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கு, 2018-இல் திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கப்பட்ட ஐடெக்ஸ் திட்டம் இருக்கிறது. ராணுவம் ஒரு சிக்கலைச் சொல்லும், தீர்வு தருபவருக்கு நிதி கிடைக்கும். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஐந்தும் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் மையங்கள்.

எந்தப் பாடத்தில் ஆழமாகப் போகலாம் என்று கேட்டால், எரிபொருள் செலுத்து அமைப்பு, டர்போசார்ஜர், கியர்பாக்ஸ், அகச்சிவப்பு உணரி ஆகிய நான்கையும் சொல்வேன். வெளிநாட்டையே அதிகம் நம்பியிருக்கும் இடங்கள் அவைதான், ஆள் தேவையும் அங்கேதான்.